தூசி, குருணை: மாதிரி எண் 417

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டில் நடப்பதை எல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன். அழகாகத் தெரிய வேண்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். அசிங்கமாகத் தெரியும் என்று எதையும் விட மாட்டேன். இப்படிக்கு, சொ. நறுமுகை, ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.

காலாண்டுத் தேர்வில் அறிவியலில் முதலாவதாக வந்ததற்கு அம்மா இந்த நோட்டைக் கொடுத்தார். கெட்டி அட்டை, இருநூறு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கிறது.

“இது லேப் நோட்டு. பேனாவாலதான் எழுதணும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போடு. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி” என்றார்.

“தப்பை எதுக்கும்மா படிக்கணும்?”

“எந்த இடத்துல தப்பாச்சுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

எங்கள் ஊரில் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். அவை எல்லாம் முட்டைக் கோழிகள். அவை தின்னும் தீவனத்தைச் சோதிக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அம்மாதான் தலைவர். கதவில் ‘முனைவர் சொ. மங்கையர்க்கரசி’ என்று பலகை இருக்கிறது. அப்பா நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். அதனால் பள்ளி விட்டதும் நான் நேராக லேபுக்கு வந்து, ஓரத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன். லேபில் எங்களைத் தவிர பாவாயி அக்கா இருக்கிறார். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, மாதிரிகளை அரைப்பது அவர் வேலை. மத்தியானத்தில் ரேஷன் அரிசியை லேப் வராந்தாவில் உட்கார்ந்து முறத்தில் புடைப்பார். எனக்கும் புடைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். “தூசி முன்னால ஓடோணும், மணி பின்னால நிக்கோணும் அம்மிணி” என்பார்.

மாடும் கோழியும் என்ன தின்கின்றன என்பதை அம்மா இருபத்திரண்டு வருடங்களாக ஆராய்கிறார். நான் பிறப்பதற்கு முன்னால், கறவை மாட்டுக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அது பாலிலும் வந்துவிடும் என்று கண்டுபிடித்து ஓர் அறிக்கை எழுதினார். அப்போது மேலதிகாரி ஒருவர் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னாராம். அம்மா மறுத்துவிட்டார். அம்மாவின் ஸ்கூட்டரின் முன்விளக்கை யாரோ உடைத்தார்கள். பதவி உயர்வு ஒன்பது வருடம் தள்ளிப் போனது. அந்தக் கதையைக் கேட்டால் அம்மா ஒரே வரியில்தான் சொல்வார்: “எண்ணை மாத்தலை, அவ்வளவுதான்.”

இன்று இருட்டறையைக் காட்டினார். விளக்கை அணைத்துவிட்டு யூவி விளக்கைப் போட்டால், பூஞ்சை பிடித்த மக்காச்சோள மணி பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர்கிறது. அவ்வளவு அழகான நிறத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

“அழகா இருக்கும்மா.”

“ஆமா. இதைத் தின்னா கோழிக்கு ஈரல் வெளுத்துப் போகும்” என்றார் அம்மா.

நவம்பர் 8, சனி

பள்ளி விடுமுறை. மழை. பாவாயி அக்கா தங்கை மகளின் சீருக்குப் போய்விட்டார். மழைக்காலம் என்பதால் நாற்பது மாதிரிகள் குவிந்து கிடந்தன. அம்மா என்னைப் பைகளில் எண் எழுதச் சொன்னார். எழுதினேன்.

வந்த மாதிரியைக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரிப்பார்கள். எதிரெதிர்ப் பங்கை எடுத்து, பாதியை அரைப்பதற்குத் தட்டில் வைப்பார்கள். மறுபாதியை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டுவார்கள். பின்னால் சண்டை வந்தால் அதைத் திறந்து பார்ப்பதற்காக. 417 ஒரு தீவன மில் அனுப்பிய மக்காச்சோளம். மிகவும் அழுக்காக இருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. அரை மணி நேரம் பேசினார்.

மேசையைத் துடைத்தேன். பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காய வைத்தேன். மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, புதன்

மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. ஒரு கிலோவில் இருபது மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தால் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. 417-இல் எட்டுதான். அம்மா கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

என் வகுப்பில் மோனிஷா என்று ஒருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இன்று அவள் வரவில்லை. அவள் அப்பா ராசியண்ணனின் பண்ணையில் நான்கு நாட்களாகக் கோழிகள் விழுகின்றன என்று பேசிக்கொண்டார்கள். முட்டை பாதியாகக் குறைந்துவிட்டதாம். சாயங்காலம் லேபுக்கு எதிரில் அவருடைய வண்டி நின்றது. உள்ளே ராசியண்ணன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஈரலைப் பாருங்க மேடம்! வெள்ளக் காயிதமாட்ட இருக்குது! இதுக்கு நானு டாக்டருக்குப் படிச்சிருக்கோணுமா?”

“உடனே அந்தத் தீவனத்தை நிறுத்துங்க” என்றார் அம்மா.

“மில்லுக்காரன்ட்ட கேட்டனுங்க. உங்க காயிதத்தைத்தான் எடுத்து நீட்டறான். எட்டுன்னு போட்டு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கறீங்க?”

அம்மா பதிவேட்டை எடுத்து 417-இன் பக்கத்தைத் திறந்தார்.

நவம்பர் 26, புதன்

காலையில் எங்கள் வீட்டு கேட்டில் இரண்டு செத்த கோழிகளைக் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா கத்தியை எடுத்து வந்து அறுத்துவிட்டார். ஒன்றைப் புதைத்தார். இன்னொன்றை வெட்டித் திறந்து ஈரலைப் பார்த்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். “கிளம்பு, நேரமாச்சு” என்றார்.

பால்காரம்மா இன்று ஊற்றவில்லை. “மில்லுக்காரங்கிட்டக் காசு வாங்குனீங்கல்ல, அதுல வாங்கிக் குடிங்க” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் நான்கு பேர் கேட்டார்கள்.

நவம்பர் 27, வியாழன்

மோனிஷா வந்துவிட்டாள். பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

என் டிபன் பாக்ஸில் கோழி இறகு. யார் என்று எனக்குத் தெரியும். எழுதலாம், ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது.

மதியம் மோனிஷாவிடம் நானே போய்ப் பேசினேன். “எங்கம்மா லஞ்சம் வாங்கலைடி” என்றேன்.

“அப்ப எட்டு எப்புடி வந்துச்சு? உங்கம்மா பெரிய சயன்டிஸ்டுதான? சொல்லச் சொல்லு” என்றாள். “எங்கப்பா ரெண்டு நாளா சோறு திங்கல. கோழிய அள்ளிக் குழிக்குள்ள கொட்டிக்கிட்டு இருக்குது. நீ எங்கிட்டப் பேசாத.”

அரைநாள் விடுப்பு எடுத்து வந்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

இன்று லேபில் அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரும்பச் சோதித்தார். தராசு, அரைக்கும் இயந்திரம், மருந்துகளின் தேதி. பாவாயி அக்காவையும் கேட்டார்.

“நானு அன்னிக்கு ஊர்லயே இல்லீங்களே மேடம். சீருக்குப் போயிருந்தனே” என்றார் அக்கா.

அப்புறம் அம்மா வராந்தாவுக்குப் போனார். சுவரில் மாட்டியிருந்த முறத்தைக் கழற்றி, அதன் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். திரும்பவும் தேய்த்தார். பிறகு குழாயடிக்கு எடுத்துப் போய் அவரே கழுவி வெயிலில் வைத்தார். பாவாயி அக்கா, “அதை எதுக்குங்க நீங்க கழுவறீங்க?” என்று ஓடி வந்தார்.

வீட்டுக்கு வரும்போது, “இனிமே நீ லேபுக்கு வர வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டா நேரா வீடு” என்றார்.

“ஏம்மா?”

“சொன்னதைச் செய்.”

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஊர் முழுக்க எங்களைத் திட்டும்போது அம்மாவும் என்னிடம் கோபமாக இருப்பது நியாயமா? நான் என்ன செய்தேன்?

டிசம்பர் 2, செவ்வாய்

அம்மா துறை இயக்குநருக்குப் போன் செய்து, 417-இன் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். முடியாது என்றாராம். முத்திரை வைத்த மறுபாதியைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே சோதித்து, விசாரணை நடத்தி முடித்த பிறகுதான் அறிக்கையைத் தொட முடியுமாம். அதுவரை மில்காரர் அந்தத் தீவனத்தை விற்றுக்கொண்டே இருக்கலாம். அவர் கையில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.

அம்மா ஒவ்வொரு பண்ணைக்காரராகப் போன் செய்தார். “நிறுத்துங்க, அந்தத் தீவனத்தைப் போடாதீங்க.” பாதிப் பேர் எடுக்கவில்லை. ஒருவர் சொன்னது வெளியே எனக்கே கேட்டது: “அன்னிக்கு நல்லதுன்னீங்க, இன்னிக்குக் கெட்டதுங்கறீங்க. இப்ப எந்த மில்லுக்காரன் பேசச் சொன்னான்?”

என் புத்தகப் பை கனமாக இருக்கிறது. தேர்வு வருவதால் எல்லாப் புத்தகங்களையும் எடுத்துப் போகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

சென்னையிலிருந்து அவசரச் சோதனையின் முடிவு வந்தது. நூற்றுத் தொண்ணூறு.

ஒரே சாக்குச் சோளத்தின் ஒரு பாதியில் எட்டு, மறுபாதியில் நூற்றுத் தொண்ணூறு. அம்மா மாதிரியை மாற்றிவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல சோளத்தை அரைத்துக் கணக்குக் காட்டினார் என்று. வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. இயக்குநர் போனில் கேட்டபோது அம்மா சொன்னார்: “மாதிரியை நான்தான் பிரிச்சேன், நான்தான் அரைச்சேன். வேற யாரும் தொடலை சார்.”

நான் அங்கே இருந்ததை அம்மா மறந்துவிட்டார் போலிருக்கிறது.

டிசம்பர் 6, சனி

இன்று பக்கம் ஆறுக்குத் திரும்பிப் போனேன். ‘மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை’ என்ற வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். சரியானது இதோ:

நவம்பர் 8 அன்று அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, அரைப்பதற்குத் தட்டில் வைத்திருந்த 417-ஐ நான் முறத்தில் கொட்டிப் புடைத்தேன். அழுக்காக இருந்தது. அழுக்கோடு அரைத்தால் இயந்திரம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். தூசியும் குருணையும் முன்னால் ஓடின. கறுத்த மணிகளைக் கையால் பொறுக்கினேன். நல்ல மணிகளை மட்டும் தட்டில் திருப்பி வைத்தேன். லேபில் எதையும் எறியக் கூடாது என்பது விதி. அதனால் புடைத்ததை ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, ‘417 – தூசி, குருணை – நவ. 8 – சொ.ந.’ என்று சீட்டு ஒட்டினேன். சொல்ல மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை. முதல் நாள் மறந்தேன். ராசியண்ணன் வந்த அன்று, லேப் நூலகத்தில் அம்மாவின் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் படித்தேன். நஞ்சில் பெரும்பங்கு தூசியிலும் உடைந்த மணியிலும்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து பாட்டில் என் புத்தகப் பையில் இருக்கிறது.

அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். சீட்டைப் படித்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“இதைத் தூக்கிப் போட்டிருக்கலாமில்ல?”

“நீங்கதான எதையும் எறியக் கூடாதுன்னு சொன்னீங்க?”

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“முறத்தைப் பார்த்தன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார். “விளிம்புல மஞ்ச மாவு. பாவாயி அரிசி புடைச்சா அது வராது.”

“அப்ப ஏம்மா எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிருவே. நீ சொன்னா நான் எழுதணும்.”

பிறகு வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். “அரைக்கும்போது தட்டுல தூசியே இல்ல. எந்தச் சோளமாவது தூசி இல்லாம வருமா? இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் பார்க்கிறேன். அன்னிக்கு நாப்பது மாதிரி. பார்க்கல.” பாட்டிலை எடுத்துத் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினார். “நான் பார்த்துக்கறேன். செவ்வாய்க்கிழமை நீ பள்ளிக்கூடம் போ.”

பாரம் இறங்கியதுபோல் இருந்தது. தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை. முடிந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பர் 11, வியாழன்

செவ்வாய்க்கிழமை காலை அம்மா சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார். சீருடையை எடுக்கப் போனபோது அம்மாவின் அலமாரிச் சாவி பூட்டிலேயே இருந்தது. திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் பாட்டில் அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துப் போகவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. லஞ்சம் வாங்கியவர் என்ற பெயரோடு வீட்டுக்கு வந்துவிடுவார். என் பெயர் எங்கும் வராது.

பாட்டிலையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகாமல் லேபுக்குப் போனேன். வழியில் அழுதேன். இது பெருமைக்காக எழுதவில்லை, நடந்தது.

விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்த டாக்டர் எட்வின். நரைத்த தலை, அமைதியான குரல். ராசியண்ணனோடு பத்துப் பதினைந்து பண்ணைக்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் உள்ளே போனதும் அம்மா எழுந்துவிட்டார்.

“முகை, வெளிய போ.”

“யாரு இந்தப் பொண்ணு?” என்று அதிகாரி கேட்டார்.

“அந்தம்மா புள்ளதானுங்க சார்” என்றார் ராசியண்ணன். “அழுது காட்டச் சொல்லிக் கூட்டியாந்திருப்பாங்க. ஆறாயிரம் கோழி போச்சே, எங்கூட்ல அழுவறதுக்கு ஆளில்லையாக்கும்?”

நான் மேசையில் பாட்டிலை வைத்தேன். நோட்டைத் திறந்து பக்கம் ஆறைப் படித்தேன். கோடு போட்ட வரியையும் படித்தேன். பிறகு டிசம்பர் 6-ஆம் தேதி எழுதியதில் நான் செய்ததை மட்டும் படித்தேன். வாசலில் பாவாயி அக்கா, “அய்யோ, நாந்தானுங்க புடைக்கச் சொல்லிக் குடுத்தேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி நோட்டை வாங்கிப் பக்க எண்களைச் சரிபார்த்தார். “இந்தத் தூசியை நேத்துகூட நீ பாட்டில்ல போட்டிருக்கலாமே, பாப்பா?”

“போட்டிருக்கலாம் சார்” என்றேன். அது உண்மைதான். “ஆனா நவம்பர் எட்டாம் தேதியே பாட்டில் கழுவினேன்னு எழுதியிருக்கேன். அப்ப எதுக்குக் கழுவினேன்?”

அவர் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்து நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் முடிவுகள். அன்று சாயங்காலமே மில்லின் கிடங்குக்குப் பூட்டுப் போட்டார்கள். பாட்டில் சென்னைக்குப் போயிருக்கிறது. முழு முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அம்மாவுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். அந்தத் தாளை நான் படித்தேன். லஞ்சம் என்ற வார்த்தை அதில் இல்லை. ‘வெளியாளை ஆய்வுக் கூடத்தில் அனுமதித்தது’ என்று இருக்கிறது. வெளியாள் நான்தான். அதற்குக் கீழே, ‘மாதிரியின் நிலையைக் கவனிக்கத் தவறியது’ என்று அம்மாவே தன் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

ராசியண்ணன் வெளியே வரும்போது என்னிடம் நின்றார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். “புள்ளைய விட்டு வெளையாட லேபு என்ன அங்கன்வாடியா?” என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மோனிஷா இன்னும் வேறு பெஞ்சில்தான் இருக்கிறாள். பால்காரம்மா இன்னும் ஊற்றவில்லை. நான் உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை.

அம்மா மட்டும் நேற்று என்னிடம் பேசினார். “சாவியை மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்” என்றார். அம்மா எதையும் மறப்பவர் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

இனி அந்த நிமிடம்.

“வெளிச்சத்துல இது வெறும் தூசி சார்” என்றார் அம்மா. நான் உள்ளே வந்ததிலிருந்து அவர் சத்தமாகப் பேசியது அப்போதுதான். “இருட்டறைக்கு வாங்க. அது ஒரு அடையாளம்தான், முழுச் சோதனையை நீங்க சென்னையில பண்ணுங்க. ஆனா இவங்க எல்லாரும் ஒருதரம் பார்க்கட்டும்.”

“இருட்டுல என்னத்தைக் காட்டப் போறீங்க?” என்று ராசியண்ணன் கேட்டார்.

“உங்க கோழி தின்னதை.”

மதியம் பன்னிரண்டு மணி. அந்தச் சின்ன அறைக்குள் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி நின்றோம். எனக்கும் ராசியண்ணனுக்கும் நடுவில் இடமே இல்லை. அவர் சட்டையில் கோழிப் பண்ணையின் வாடை அடித்தது. அம்மா கறுப்புத் தாளை விரித்து, அதிகாரியை அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தார். சாம்பல் மாதிரி தூசி, நாலைந்து கறுத்த மணி, குருணை. அவ்வளவுதான் இருந்தது. அதைத் தன் உள்ளங்கையால் மெதுவாகப் பரப்பினார். யூவி விளக்கைப் போட்டுத் தாளுக்கு மேல் நிறுத்தினார். பிறகு சுவருக்குப் போய் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.

அம்மா விளக்குகளை அணைத்தார்.